கோல்டுவின் ஐயர் சொல்லாதது

அந்தப் பையத் தூக்கி மடியில வையுங்க தம்பி. பைக்கும் சேத்தா டிக்கட் எடுத்திருக்கிய? வயசாளி ஒருத்தன் கம்பியப் பிடிச்சுட்டு நிக்கான்னு யாருக்காவது தோணுதா பாருங்க. ம். இப்பச் சரி. இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

எதுவரைக்கும்? உவரியா? நான் அதுக்கு முன்னாலயே இறங்கிருவேன். உடைவிளை. அரை மணி நேரத்துல போயிரலாம், இந்த ஓட்டை பஸ்ஸுக்கு முக்கால் மணின்னு வச்சுக்கிடுங்க.

அங்க யாரு இருக்கான்னு கேக்கியளா? ஒரு ஆளு இருக்கான். அவன்கிட்ட எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. அவன் இருக்குத இடத்துக்கே போய் நின்னு நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கப் போறேன். அவன் இவன்னு சொல்லக் கூடாதுதான், குருவானவர்லா. எங்க சபையில குருவானவர ஐயருன்னுதான் கூப்பிடுவோம். நீங்க நினைக்க ஐயரு இல்ல. கோயில்ல பிரசங்கம் பண்ணுதாரே, பாதிரியாரு, அவரு. உங்க நெத்தியில திருநீறப் பாத்தேன், அதான் விளக்கிச் சொல்லுதேன். எங்க ஆளா இருந்தா உங்ககிட்ட வாயத் திறந்திருக்கவே மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊரு பூரா போயிரும்.

என் பேரு ஏசுவடியான். சாலேம்விளை. மின்சார வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தி நாலு வருசம். என் கேங்க்ல ஒருத்தனுக்கு ஒரு கீறல் பட்டது கிடையாது. ஏன்? நான் சொன்னாச் சொன்னதுதான். ஏறுன்னா ஏறணும், இறங்குன்னா இறங்கணும். இடையில ஒருத்தன் யோசனை சொல்ல வந்தா அவன அன்னைக்கே கம்பம் சுமக்க விட்டுருவேன்.

எனக்கு ஒரே பையன். ஜெஸ்வின். முப்பத்தி ஒரு வயசு, கோயம்புத்தூர்ல மோட்டார் கம்பெனியில வேலை. போன வருசம் இறந்துட்டான். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூஞ்சிய அப்படி வைக்கவும் வேண்டாம். அந்த 'அடப்பாவமே' மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எங்க சபையில வருசத்துக்கு ஒருக்கா அசனம் நடக்கும். அசனம்னா விருந்து. ஊரு மொத்தமும் கோயில் வளாகத்துல சமைச்சு, ஒண்ணா உக்காந்து சாப்பிடுதது. எந்த ஜாதி, எந்த சாமின்னு கேக்கதில்ல, யாரு வந்தாலும் இலை போடுவோம். ஆயிரத்தி எண்ணூறு பேரு சாப்பிடுவாவ. பத்தொன்பது வருசமா அந்தக் கமிட்டிக்கு நான்தான் தலைவர். பத்தொன்பது வருசமும் பன்னெண்டு மணிக்கு முதல் பந்தி. ஒரு தடவை பன்னெண்டு அஞ்சுன்னு ஆனது இல்ல. ஜெஸ்வின் மூணு வருசமா அசனத்துக்கு வரல. லீவு இல்லங்கான், ஆர்டர் இருக்குங்கான். போன வருசம் நான் போன்ல சொல்லிட்டேன், இந்தத் தடவை வரலன்னா இந்த அப்பன் மூஞ்சியில முழிக்காதன்னு. வந்தான். பந்திக்குக் கொஞ்சம் முன்னால அடுப்படியில விழுந்தான். ஒரே நொடி. மாரடைப்பு. அம்புட்டுதான்.

யாரு என்ன செய்ய முடியும்? சொல்லுங்க. யாரு என்ன செய்ய முடியும்?

அதனாலதான் சொல்லுதேன், எங்க நம்பிக்கைக்கு அஸ்திவாரமே அதுதான். எல்லாம் கர்த்தர் கையில. பிறக்கதும் அவரு குறிச்ச நாளு, சாகதும் அவரு குறிச்ச நாளு. அத நம்பினாத்தான் பிள்ளையக் குழியில வச்சவன் மறுநாள் பல்லு தேச்சுட்டு ஒரு வாய் சோறு திங்க முடியும். அத எடுத்துச் சொல்லத்தானே ஒரு குருவானவரு? வேற எதுக்கு அந்த வெள்ளை அங்கி?

கல்லறைத் தோட்டத்துல பெட்டிய இறக்கியாச்சு. கூட்டம்னா கூட்டம். கோல்டுவின் ஐயர் தலைமாட்டுல நிக்காரு. அதான் அவரு பேரு. முப்பத்தி அஞ்சு வயசு இருக்கும், எங்க சபைக்கு வந்து ரெண்டு வருசம். நான் காத்துக்கிட்டு நிக்கேன். இது கர்த்தருடைய சித்தம், அந்த ஒரு வார்த்தை. எங்கய்யா செத்தப்போ சொன்னாவ, எங்கம்மைக்குச் சொன்னாவ, காலராவுல ஊரே காலியானப்போவும் சொல்லியிருப்பாவ. அந்த வார்த்தையக் கேட்டா நான் மண்ணள்ளிப் போட்டுட்டு நிமிந்துருவேன்.

அவரு அழுதாரு தம்பி. குருவானவரு குழிமேட்டுல நின்னு சின்னப்பிள்ள மாதிரி அழுதாரு. பிறகு சொல்லுதாரு, "இது ஏன் நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் பேசப் போறதில்ல. கர்த்தர் இந்தக் குடும்பத்தோட இந்தக் குழிக்குப் பக்கத்துல நிக்காரு. அது ஒண்ணு எனக்குத் தெரியும்." அம்புட்டுதான். ஜெபம் பண்ணாரு, முடிச்சுட்டாரு.

தெரியாதாமே! சம்பளம் வாங்கிட்டு வேலை பாக்க லைன்மேன் கரண்ட் எங்கேருந்து வருதுன்னு தெரியாதுங்கலாமா?

எட்டாம் நாளு நேரா அவரு வீட்டுக்குப் போனேன். அவரு வீட்டம்மா நாற்காலி போட்டா. உக்காரல.

"ஐயரே, என் பிள்ள செத்தது தேவ சித்தமா இல்லையா?"

"உக்காருங்க அண்ணாச்சி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்."

"கர்த்தர் எல்லாத்தையும் ஆளுதாரு, அத நானும் நம்புதேன் அண்ணாச்சி. நம்பாம இந்த அங்கியப் போட முடியாது. ஆனா அந்த நம்பிக்கை எதுக்குன்னா, அவரு மடியில விழுந்து அழுவதுக்கு. நாம கையக் கழுவிக்கிடுததுக்கு இல்ல."

யாரு கைய? நான் கேட்டேன். யாரு கையச் சொல்லுதீரு?

"நம்ம கைன்னுதான் சொன்னேன். என் கையும் சேத்துத்தான்."

எப்படிப் பேச்சு பாத்தியளா? என் பிள்ளையக் கொண்டுபோய்ப் பொதைச்சுட்டு வந்த எட்டாம் நாளு, எங்கிட்ட கையக் கழுவுதியாங்கான். நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே பேராயருக்கு மனு எழுத உக்காந்துட்டேன்.

மனு எழுதுததுன்னா எனக்குத் தண்ணி பட்ட பாடு. குருவானவர் தேவனுடைய ஆளுகைக்கு விரோதமாகப் போதிக்கிறார். துக்க வீட்டாருக்கு ஆறுதல் சொல்ல மறுக்கிறார். சபையாரின் விசுவாசம் தளருகிறது. நாப்பத்தி மூணு பேரு கையெழுத்து. எல்லாரும் மனசாரத்தான் போட்டாவ. மகன இழந்தவன் வாசல்ல வந்து நிக்கான், எப்படி மாட்டேங்க முடியும்?

பேராயர் ஆபீஸ்ல விசாரணை வச்சாவ. மூணு பேரு கொண்ட கமிட்டி. என்னையும் ஒரு பக்கமா உக்கார வச்சுத்தான் அவரக் கேட்டாவ. நடுவுல இருந்த பெரியவரு கண்ணாடியக் கழத்திட்டுக் கேக்காரு, "துக்கத்துல இருந்த குடும்பத்துக்கு நீர் ஆறுதல் வார்த்தை சொல்லல, வாஸ்தவமா?"

"வாஸ்தவம் ஐயா. எனக்குச் சொல்லத் தெரியல."

"அன்னைக்கு அசனத்துல நடந்தது பத்தி ஏதாவது சொல்லணுமா? நீரும் அங்க இருந்தீருலா?"

அவரு என்னப் பாத்தாரு. மேல பேன் சுத்துது, எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது.

ஏன் வேர்த்துச்சுன்னு கேக்கியளா? நீங்க கேக்கலன்னாலும் உங்க கண்ணு கேக்குது. சரி, சொல்லுதேன். உவரிக்குப் போற ஆளு, நாளைக்கு என்னைய யாருன்னே தெரியாது உங்களுக்கு.

ஒரே நொடின்னு சொன்னேன்லா. ஒரு நொடி இல்ல அது. பதினோரு மணிக்கே ஜெஸ்வின் எங்கிட்ட வந்தான். கறி அண்டாவ மூங்கில்ல கட்டித் தூக்கிட்டு வந்து வச்சவன், சுவத்துல சாஞ்சு நிக்கான். சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. இடது தோளப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா, ஒரு மாதிரி இருக்கு. நெஞ்ச இறுக்குது"ங்கான். அடுப்படியில நின்னா யாருக்குத்தான் வேர்க்காது? புகைல, வாயுவா இருக்கும்னேன். ஒரு சோடாவக் குடிச்சுட்டு வந்து சோத்த வடின்னேன். குடிச்சான். வடிக்கவும் வந்தான். நான் சொன்னா வருவான் தம்பி, அந்த விசயத்துல நல்ல பிள்ள.

அரை மணி கழிச்சு ஐயர் வாராரு. கையில கார் சாவி இருக்கு. "அண்ணாச்சி, ஜெஸ்வின் முகமே சரியில்ல. நான் திசையன்விளைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்திருதேன், இருபது நிமிசம்தான்"ங்காரு. நான் என்ன சொன்னேன்? "ஐயரே, நீங்க போயிட்டா பந்திக்கு யாரு ஜெபம் பண்ணுவா? ஆயிரத்தி எண்ணூறு பேரு காத்திருக்காவ. முதல் பந்தி முடியட்டும், பிறகு எங்க வேணும்னாலும் போங்க."

அவரு ரெண்டாவது தடவையும் கேட்டாரு. நான் கையப் பிடிச்சு, மைக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திட்டு வந்தேன்.

பன்னெண்டு மணிக்கு ஜெபம். எல்லாரும் கண்ண மூடியிருக்கோம். ஆமென் சொல்லிக் கண்ணத் திறக்கோம், அவன் கீழ கிடக்கான். பந்தி சரியா பன்னெண்டுக்கு.

ஆஸ்பத்திரியில டாக்டர் பையன் சொல்லுதான், ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம் சார்னு. பாத்திருக்கலாமாம். அவன் என்ன கடவுளா? கர்த்தர் குறிச்ச நாள இவன் ஊசி போட்டு மாத்திருவானா?

இப்ப விசாரணைக்கு வாரேன். பெரியவரு கேட்டுட்டாரு, ஏதாவது சொல்லணுமான்னு. ஐயர் என்னப் பாத்தாரு. ஒரே ஒரு வார்த்தை போதும். இவருதான் போக விடலன்னு சொன்னாப் போதும், என் மனு அங்கேயே குப்பைக்குப் போயிரும், நான் வெளிய வந்து ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. சொல்லுவாருன்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

"இல்ல ஐயா. சொல்ல ஒண்ணும் இல்ல"ன்னுட்டாரு.

பாத்தியளா? தப்பு இல்லாதவன் வாயத் திறப்பானா மாட்டானா? அன்னைக்கு நான் எல்லார்ட்டயும் இதத்தான் சொன்னேன். ஒத்துக்கிட்டாரு, வாயே திறக்கல, பாத்தியளான்னு. ஒரு மாசத்துல மாத்தல் வந்துட்டு. உடைவிளை. நாப்பது குடும்பம், மழைக்கு ஒழுகுத ஓட்டுக் கோயிலு. சாமான வண்டியில ஏத்தும்போது என் வீட்டு வாசலுக்கு வந்து, "வாரேன் அண்ணாச்சி"ன்னுட்டுப் போறாரு. நான் உள்ள இருந்துக்கிட்டே எந்திரிக்கல.

மாத்தல் வந்த சேதிய வீட்டுல வந்து சொன்னேன். என் பொண்டாட்டி பேரு ஞானப்பூ. முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. மகன் போன நாள்லருந்து அவ எங்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்ல பேசினது கிடையாது. ஐயர் வந்து உக்காந்தா மட்டும் பேசுவா, அழுவா. அதுவும் எனக்கு எரிச்சல். அன்னைக்குக் கீரையக் கீழ வச்சுட்டு நிமிந்தா.

"தெரிஞ்சுதான் செஞ்சியளா?" ன்னா.

"தேவ சித்தத்த மறுதலிக்கவனுக்கு நம்ம சபையில இடம் இல்ல"ன்னேன்.

"நானும் தினமும் கர்த்தர்ட்டதான் கேக்கேன். ஏன் எடுத்தீருன்னு. எல்லாத்தையும் கையில வச்சிருக்கவர்ட்டதானே கேக்க முடியும்? விடிஞ்சா எந்திரிச்சு அவரோட சண்டைதான் எனக்கு. அவரு பெரியவரு, என் ஏச்சு பேச்செல்லாம் தாங்குவாரு. அந்த நினைப்புலதான் நான் உசுரோட நடமாடுதேன். நீங்க சண்டையும் போடல, அழவும் இல்ல. அவரு முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டு, எல்லாம் இவருதான் செஞ்சாருன்னு அவரக் காட்டிக் குடுக்கிய."

எனக்கு வந்த கோவத்துல தட்டோட கீரைய எத்தி விட்டேன். வீடு பூரா கீரை. அவ குனிஞ்சு ஒவ்வொரு இணுக்கா எடுத்து, கழுவி, அன்னைக்குச் சாயந்தரம் அதையே சமைச்சு எனக்கும் போட்டா. நான் சாப்பிடவும் செஞ்சேன். அதுக்குப் பிறகு 'சோறு எடுத்து வைக்கவா', 'தண்ணி வந்துட்டு', அம்புட்டுதான் எங்களுக்குள்ள பேச்சு.

மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை அவ உடைவிளைக்குப் போயிருவா. ரெண்டு பஸ் மாறி. ஊரு என்ன பேசும்? அவரத் தூக்கினது நானு, அவரு ஆராதனைக்குப் போறது என் பொண்டாட்டி. ஒரு நாள் கேட்டேன், அப்படி அங்க என்னதான் தாராருன்னு.

"ஒண்ணும் தரல. ஆராதனை முடிஞ்சதும் உக்காந்திருப்போம். நான் ஜெஸ்வினப் பத்திப் பேசுவேன். சில நாள் அவரும் அழுவாரு. அவரு வீட்டம்மா காப்பி போட்டுத் தருவா. வந்திருவேன்."

"இதுக்கா ரெண்டு பஸ்?"

"ஆமா. இதுக்குத்தான்."

பைத்தியம்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கேன். நீங்க என்னத்துக்குத் தலைய ஆட்டுதிய? அவ பக்கமா நீங்க? நல்லா இருக்கே கதை.

புது ஐயர் வந்தாரு. தங்கமான மனுசன். நான் கேட்டதெல்லாம் பேசுவாரு. போன வாரம் ஜெஸ்வினுக்கு வருசம் திரும்புச்சு. நினைவு ஆராதனை வச்சோம். கோயில் நிறைஞ்ச கூட்டம். நாப்பது நிமிசம் பிரசங்கம், எல்லாம் தேவ ஆளுகையப் பத்தித்தான். உலகம் உண்டாகுததுக்கு முன்னாலயே இந்த மகனுக்கு இந்த நாள, இந்த மணிய, இந்த நிமிசத்தக் கர்த்தர் எழுதி வச்சுட்டாரு, ஒரு மனுசனாலும் அத முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாதுன்னு மேசையத் தட்டிச் சொல்லுதாரு. சனம் பூரா ஆமென் போடுது. ஒரு வருசமா நான் இதுக்குத்தானே காத்துக் கிடந்தேன்? இத ஒரு வாயாவது சொல்லாதான்னுதானே ஏங்கினேன்?

தம்பி, எனக்கு எந்திரிச்சுப் போய் அந்த மைக்கப் பிடுங்கி எறியணும் போல வந்துச்சு. உமக்கு என்ன தெரியும்? நீரு அங்க இருந்தீரா? அவன் சுவத்துல சாஞ்சு நின்னதப் பாத்தீரா? சோடா பாட்டில அவன் ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சதப் பாத்தீரா? கையெல்லாம் நடுங்குச்சு ஐயா அவனுக்கு. நான் பாத்தேன். நான்தான் பாத்தேன்.

பாதிப் பிரசங்கத்துல எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். மகன் நினைப்புல மனசு தாங்கலன்னு ஊரு நினைச்சிருக்கும். ஞானப்பூ மட்டும் திரும்பிப் பாத்தா.

இந்த ஒரு வாரமா எனக்கு ஒரே ஆத்திரம். புது ஐயர் மேல இல்ல. இந்த உடைவிளை ஆளு மேலதான். அங்க இருந்த ஆளு அவரு ஒருத்தர்தானே? அவருக்குத் தெரியும்ல? மூணு பேரு முன்னால, இந்த ஏசுவடியான்தான் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குப் போக விடலன்னு ஏன் சொல்லல? என்னைக் காப்பாத்த அவரு யாரு? சொல்லியிருந்தா அன்னைக்கே ஊரு என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கும். துப்பினா துடைச்சிருப்பேன். அழுதாவது இருப்பேன். ஒரு வருசமா அத எனக்குள்ள வச்சு நான் மட்டும் சுமக்கேன், அவரு ஓட்டுக் கோயில்ல நிம்மதியா ஆராதனை நடத்துதாரு. இது என்ன நியாயம்? இதத்தான் கேக்கப் போறேன். ஆறுதல் வாங்கப் போறேன்னு நினைச்சுக்கிடாதிய. சண்டைக்குத்தான் போறேன்.

என்ன? தனியாவான்னு கேக்கியளா? தனியாத்தான். அவளுக்குத் தெரியாது.

அங்க பாருங்க, முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. ஊதாச் சேலை, வெள்ளைக் கொண்டை. அதான் ஞானப்பூ. இன்னைக்கு முதல் ஞாயிறுலா. அவ முன்வாசல்ல ஏறுனா, நான் பின்வாசல்ல ஏறுனேன். முதல் பஸ்லயும் அப்படித்தான் வந்தேன். நாப்பத்தி ஒரு வருசம் குடும்பம் நடத்தியிருக்கோம், இப்படிக் களவாணிப்பய மாதிரி பின்னால வந்தது கிடையாது. முதுகு ரொம்பக் கூனிருச்சு அவளுக்கு. இங்கேருந்து பாக்கும்போதுதான் தெரியுது. வீட்டுல அவள நான் எங்க பாத்தேன்?

உடைவிளைன்னு சொல்லுதான் பாருங்க. வந்துட்டு. இறங்குதா. அவ இறங்கட்டும். கூட்டத்துல அவ முன்னால போயிரட்டும், பிறகு நான்...

போவட்டும்னு பாத்தா போகலியே இவ. நிக்கா. இங்க திரும்பவும் இல்ல, நடக்கவும் இல்ல. அந்த வெயில்ல குடையக்கூட விரிக்காம நிக்கா பாருங்க. முதல் பஸ்லயே பாத்துருப்பாளோ? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

எனக்கு முட்டு வேற பிடிச்சுக்கிட்டு. தம்பி, அந்தக் கையக் குடுங்க. எந்திரிக்கணும். யோவ் கண்டக்டர், விசில் அடிக்காதய்யா, ஆளு இறங்கணும்! அடிக்காதன்னா... ஏ ஞானப்பூ! ஞானப்பூ! நில்லுட்டி, நானும் வாரேன்.